மருந்துச் சீட்டு எழுதாதவர்களுக்கு மனநல மருந்தியல்: நீலகிரியில் பயிற்சி வகுப்பு நடத்தும் முறை

நீலகிரியில் மனநல மருத்துவரை மாதம் ஒருமுறை பார்க்கும் நோயாளி, உளவியலாளரையோ கவுன்சிலரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ அதைவிட அடிக்கடி பார்க்கிறார். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட நாட்களில்தான். கை நடுங்குகிறது, வாந்தி வருகிறது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இது நோயா மருந்தா என்று எதிரே இருப்பவருக்குப் பிடிபடாவிட்டால், நோயாளி தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார். இல்லை, நிலைமை முற்றிய பிறகு 108-இல் ஏறுவார். மருத்துவ உளவியலாளர்களுக்கு மருந்தியல் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். அதைக் கற்பிப்பதையே தன் கல்விப் பணியாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு இந்த வழிகாட்டி. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லைக்கோட்டை முதல் நாளே போடுங்கள்

இந்தியாவில் உளவியலாளர் மருந்து எழுத முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரை அங்கீகரிக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பும் பதிவும் வேண்டும் என்கிறது. மருந்து எழுதும் உரிமையை அது தரவில்லை.

வகுப்பில் யாராவது அமெரிக்காவைப் பற்றிக் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்திருங்கள். அங்கே ராணுவத் துறை 1991 முதல் 1997 வரை ஒரு சோதனைத் திட்டம் நடத்தி 10 உளவியலாளர்களை மருந்து எழுதப் பழக்கியது. பிறகு நியூ மெக்சிகோ 2002-இலும், லூசியானா 2004-இலும், இல்லினாய் 2014-இலும், அயோவா 2016-இலும், ஐடஹோ 2017-இலும், கொலராடோ 2023-இலும், யூட்டா 2024-இலும் சட்டம் இயற்றின. அந்த உரிமை சும்மா வருவதில்லை. முனைவர் பட்டத்துக்கு மேல் மருந்தியலில் தனி முதுநிலைப் படிப்பு, தேர்வு, மேற்பார்வையில் பயிற்சி என்று பல படிகள் உண்டு. அந்நாட்டு உளவியல் சங்கம் 1990-களில் இந்தக் கல்வியை மூன்று நிலையாகப் பிரித்தது: அடிப்படை அறிவு, மருத்துவரோடு சேர்ந்து பணியாற்றும் அளவுக்கான அறிவு, மருந்து எழுதும் தகுதி. நமக்கு வேண்டியது முதல் இரண்டும். இரண்டாம் நிலையையே ஒழுங்காகக் கற்பித்தால் மலையில் பல உயிர்கள் தப்பும்.

ஆகவே பயிற்சியின் நோக்கம் நான்கே வேலைகள்: பார்ப்பது, கேட்பது, எழுதுவது, உரியவருக்குச் சொல்வது. ‘மாத்திரையை நிறுத்துங்கள்’, ‘பாதியாகக் குறையுங்கள்’, ‘ஒன்று கூடுதலாகப் போடுங்கள்’ என்ற மூன்று வாக்கியங்களையும் யாரும் சொல்லக் கூடாது. இதை எழுத்தில் கொடுத்து, பங்கேற்பவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மனநல மருத்துவர்கள் உங்கள் வகுப்பை நம்புவதும் நம்பாமல் போவதும் இதைப் பொறுத்தது.

கற்பிக்கும் முன் நீங்கள் தேற வேண்டியது

மருத்துவ உளவியல் எம்.பில். இரண்டாண்டுப் படிப்பு. அதில் உயிரியல் அடிப்படைகள் என்ற தாளில் மருந்தியலும் வருகிறது. தேர்வெழுத அது போதும், கற்பிக்கப் போதாது.

குறைந்தது ஆறு மாதம், வாரத்தில் ஒரு நாள், ஒரு மனநல மருத்துவரின் புறநோயாளிப் பிரிவில் போய் உட்காருங்கள். நோயாளி இருக்கும்போது வாய் திறக்காதீர்கள். ஓ.பி. முடிந்ததும் நான்கைந்து சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு, அடுத்த முறை வரும்போது எதைப் பார்ப்பீர்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் பின்னாளில் உங்கள் பாடத்திட்டம்.

அதே நாளில் ஒரு மணி நேரம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மருத்துவர் சொன்னதில் எது நோயாளிக்கு நினைவில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

உதகையில் 1980-இல் தொடங்கிய ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பு நடக்கிறது. மருந்துகளின் ஒன்றோடொன்றான வினைகளை உளவியலாளரைவிட மருந்தாளுநர் நன்றாகச் சொல்லித்தருவார். அப்படி ஒருவரை இணை ஆசிரியராகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மனநல மருத்துவர், ஒரு மருந்தாளுநர், ஒரு உளவியலாளர் என்று மூவரும் இல்லாமல் இந்த வகுப்பைத் தொடங்கவே வேண்டாம்.

மருந்துக் கம்பெனியிடம் மதிய உணவும் வாங்காதீர்கள், பேனாவும் வாங்காதீர்கள். வகுப்பில் வணிகப் பெயர் சொல்லி மருந்தைப் புகழும் பேச்சு ஒருமுறை நுழைந்துவிட்டால் அதை வெளியேற்றுவது கடினம்.

எப்போது, எங்கே, எத்தனை பேர்

மூன்று மணி நேர வகுப்பு ஆறு, இரண்டு வாரத்துக்கு ஒன்று. 15 பேருக்கு மேல் வேண்டாம். கைபிடித்துப் பார்த்துக் கற்கும் வேலை இது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெளியூர்க்காரர்கள் சறுக்குகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்தால் சாலை அடைபடும். ஏப்ரல், மே சீசன் கூட்டம். மிச்சம் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. ஜனவரியில் உறைபனி விழும் என்பதால் பத்தரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியுங்கள்; ஊர் திரும்பும் பஸ் கிடைக்கும். பந்தலூர்க்காரரை உதகைக்கு வரச் சொன்னால் அவருக்கு ஒரு நாளே போய்விடும். கூடலூரில் தனியாக ஒரு குழு நடத்துவது நல்லது.

முதல் வகுப்பு: காலி அட்டைகள்

பாடத்தை மூளையின் வேதிப்பொருள்களில் தொடங்காதீர்கள். மாத்திரை அட்டையில் தொடங்குங்கள். மருத்துவமனை மருந்தகத்திலும் மெடிக்கல்களிலும் கேட்டு 60, 70 காலி அட்டைகள் சேர்த்துவையுங்கள். மருந்தின் பெயரும் மி.கி. அளவும் இருக்கும் பக்கம் கிழியாமல் இருக்க வேண்டும். இருவருக்கு எட்டு அட்டை என்று பிரித்துக் கொடுத்து, வணிகப் பெயரை விட்டுவிட்டுப் பொதுப்பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு நான்கு குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: மனச்சோர்வு மருந்து, மனச்சிதைவு மருந்து, மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து, பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான மருந்து.

எந்தக் குவியலிலும் அடங்காமல் சில அட்டைகள் மிஞ்சும். அவற்றில்தான் பாடம் இருக்கிறது. மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோபிராமும் பதற்ற மருந்தான குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. ‘மனசு சரியாயிடுச்சு’ என்று அதை ஒருவர் திடீரென்று நிறுத்தினால் குளோனசெபாமும் ஒரே நாளில் நிற்கிறது. பல மாதமாகச் சாப்பிட்டவருக்குத் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் வரலாம். மனச்சிதைவு மருந்தான ரிஸ்பெரிடோனோடு டிரைஹெக்சிஃபெனிடில் சேர்ந்த மாத்திரையும் உண்டு. பின்னது உடல் விறைப்புக்குக் கொடுப்பது. வாய் வறட்சி, மலச்சிக்கல், முதியவருக்கு மறதி எல்லாம் அதனால் வரும்.

சட்ட விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் போன்றவை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய எச்1 பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் அவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கும் நோயாளியைப் பற்றி மருத்துவருக்குச் சொல்வது உங்கள் மாணவரின் கடமை.

வரலாற்றுக்கு அரை மணி நேரம் போதும். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியத்தை வெறித்தன நிலைக்குக் கொடுத்துப் பார்த்ததை 1949-இல் எழுதினார். 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசைன் மனச்சிதைவுக்கு வந்தது. 1957-இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் மனச்சோர்வு மருந்தான இமிப்ரமைனைப் பற்றி எழுதினார். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1931-இல், கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி என்ற மூலிகையைப் பற்றி எழுதிவிட்டார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மூலிகையிலும் வீரியம் உண்டு என்று புரிந்தவர்தான் ‘நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா’ என்று மரியாதையோடு கேட்பார். ஏளனமாகக் கேட்டால் உண்மையான பதில் வராது.

உடலைப் பார்க்கும் வகுப்பு

ஆறில் இரண்டு வகுப்பை இதற்கே ஒதுக்குங்கள். மனச்சிதைவு மருந்துகளின் அசைவுக் கோளாறுகள் வரும் காலத்தை முதலில் பலகையில் எழுதுங்கள். கழுத்தும் கண்ணும் முறுக்கிக்கொள்வது முதல் சில மணி முதல் சில நாட்களுக்குள். உட்கார முடியாத தவிப்பு சில நாள் முதல் சில வாரத்துக்குள். விறைப்பும் நடுக்கமும் வாரக் கணக்கில். நாக்கும் உதடும் தாமாக அசைவது மாதங்கள், ஆண்டுகள் கழித்து.

இவற்றில் அதிகம் தவறவிடப்படுவது உட்கார முடியாத தவிப்பு. பார்க்கிறவர் அதைப் பதற்றம் என்றோ நோய் திரும்பிவிட்டது என்றோ எடுத்துக்கொள்கிறார். அப்படிச் சொல்லிக் கடிதம் போனால் மருந்தின் அளவு கூடும், தவிப்பும் கூடும். தாங்க முடியாமல் உயிரை விட நினைப்பவர்களும் உண்டு. பார்க்கும் முறை இது: கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசுங்கள். கண் முகத்தில் இருக்கட்டும், கவனம் பாதத்தில். பிறகு நிற்கவைத்து இன்னும் இரண்டு நிமிடம். கால் மாற்றி மாற்றி வைக்கிறாரா, நின்ற இடத்திலேயே நடக்கிறாரா? அப்புறம் கேளுங்கள்: ‘மனசு பதறுதா, கால் சும்மா இருக்கமாட்டேங்குதா?’ பதற்றக்காரர் நெஞ்சையும் எண்ணங்களையும் சொல்வார். மருந்தால் தவிப்பவர் காலைச் சொல்வார், எழுந்து நடந்தால் சற்று நேரம் தேவலாம் என்பார். மருந்து தொடங்கிய தேதியையும் அளவு கூட்டிய தேதியையும் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மலையில் இந்தப் பரிசோதனைக்குச் சில தடைகள் உண்டு; பாடநூலில் அவை இருக்காது. நடக்கும்போது கை வீச்சு குறைவது விறைப்பின் முதல் அடையாளங்களில் ஒன்று. உதகையில் எல்லோரும் கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டோ சால்வைக்குள் மடக்கியோ நடக்கிறார்கள். கை வீச்சு கண்ணில் படவே படாது. சால்வையை வாங்கி வைத்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். சரிவில் யாருக்கும் அடி சிறுத்துத்தான் விழும், அதனால் சமதளமான வராந்தாவில் நடக்கவிடுங்கள். குளிரில் நடுங்கும் கையை மருந்து நடுக்கம் என்று எழுதிவிடக் கூடாது. உள்ளே உட்காரவைத்து, ஒரு டீ கொடுத்து, கை சூடேறிய பிறகு விரல்களை விரித்து நீட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டையும் முழங்கையையும் பிடித்து மெல்ல மடக்கி நீட்டும்போது விட்டுவிட்டுத் தடுக்கிறதா என்று பாருங்கள். மாணவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகட்டும்; இயல்பான கையைத் தொட்டுப் பழகாதவருக்கு விறைத்த கை பிடிபடாது.

வெற்றிலை பாக்கு போடுவது, பீடி, டீ, சாராயம் ஆகிய நான்கையும் விசாரிக்கப் பழக்குங்கள். பாக்கு அதிகம் மெல்லுபவருக்கு மனச்சிதைவு மருந்தின் விறைப்பு கூடியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. குளோர்புரோமசைன் சாப்பிடுபவருக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும்; ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். 2,240 மீட்டர் உயரத்தில் தோட்ட வேலை செய்பவரிடம் ‘குளிருதே, வெயில் என்ன செய்யும்’ என்ற எண்ணம் இருக்கும். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

லித்தியமும் க்ளோசபைனும்

இந்த இரண்டு மருந்துக்கும் எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

லித்தியத்தின் ரத்த அளவு, நீண்டகாலத் தடுப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்கலாம். முதியவருக்கு அதற்குக் கீழேயே வரும். ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. அடிக்கடி நடக்கும் தவறு: பஸ் பிடித்து வருகிறவர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே கிளம்பிவிடுகிறார், அளவு பொய்யாக உயர்ந்து தெரிகிறது. ‘ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை’ என்று சீட்டின் மேலேயே எழுதிக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கிரியேட்டினின், கால்சியம் பார்க்க வேண்டும்.

லித்தியம் ஏறும் சந்தர்ப்பங்களை உள்ளூர்க் கணக்கில் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம், கோவை என்று இறங்குபவர் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருப்பார்; மலையில் தாகமே எடுக்காத பழக்கம் அவருக்கு. வயிற்றுப்போக்கும் அப்படியே. கொழுந்து பறித்து முதுகு வலிக்கிறது என்று எஸ்டேட் டிஸ்பென்சரியிலோ மெடிக்கலிலோ டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கிப் போட்டால் லித்தியம் ஏறும். சில ரத்த அழுத்த மருந்துகளும் ஏற்றும். நாளுக்குப் பத்து டீ குடிப்பவர் சட்டென்று நிறுத்தினாலும் ஏறலாம். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் லித்தியத்தில் வழக்கம்தான். அது கை முழுவதும் பெரிதாகி, வாந்தியும் பேதியும் வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அன்றே ஆஸ்பத்திரி.

மனச்சிதைவு மருந்தான க்ளோசபைன் ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைத்துவிடலாம், அதனால் முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பது வழக்கம். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். இங்கேதான் மலை நம்மை ஏமாற்றுகிறது: குளிர் ஊரில் தொண்டை வலி யாருக்குத்தான் வரவில்லை என்று கஷாயத்தோடு விட்டுவிடுவார்கள். க்ளோசபைன் சாப்பிடுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மலச்சிக்கலையும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். முற்றினால் குடலடைப்பு வரை போகும். பீடி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களில் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றால் தூண்டுதலும் நிற்கிறது. வார்டில் சேர்ந்தவுடன் பீடி கிடைக்காதவரைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

மழையில் மாத்திரை தீர்ந்தால்

சாலை அடைபட்டு மாத்திரை விட்டுப்போவது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாத மருந்துகள் இரண்டை மாணவர் மறக்கவே கூடாது. க்ளோசபைன் 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் 12.5 மி.கி.யிலிருந்துதான் மீண்டும் தொடங்குவார்கள். மனநிலையைச் சமன்படுத்தும் லாமோட்ரிஜின் ஐந்து நாளுக்கு மேல் நின்றால் அதுவும் முதல் படியிலிருந்து. எடுத்த எடுப்பில் முழு அளவு போட்டால் உயிருக்கு ஆபத்தான தோல் கொப்புளம் வரக்கூடும். இரண்டையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடரக் கூடாது.

மழைக்கு முன் கூடுதலாக இரண்டு வார மருந்து கையில் இருக்க மருத்துவரிடம் பேசிவைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் தற்கொலை எண்ணம் உள்ளவரின் வீட்டில் லித்தியமும், மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினும் மொத்தமாக இருப்பது ஆபத்து. அப்போது பொறுப்பான உறவினரிடமோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வைத்து வாரத்துக்கு மட்டும் கொடுக்கச் செய்யலாம். எது சரி என்பதை ஒவ்வொரு வீட்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சோடியம் வால்புரோயேட் ஈரத்தை உறிஞ்சும் மாத்திரை. கூடலூர் மழையில் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டால் பிசுபிசுத்துவிடும். வால்புரோயேட் பற்றி இன்னொன்று: கருவில் உள்ள குழந்தைக்குப் பெருங்குறைபாடு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று. கருத்தரிக்கும் வயதுப் பெண் இதைச் சாப்பிடுவதைக் கண்டால், திருமணமாகாதவராக இருந்தாலும், மருத்துவருக்குக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

மனச்சோர்வு மருந்துகளுக்கு ஒரு வகுப்பு போதும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே. இந்த வரிசையைச் சொல்லாமல் அனுப்பினால் பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். 25 வயதுக்குக் கீழே உள்ளவரை முதல் சில வாரம் அடிக்கடி பார்க்க வேண்டும். தற்கொலை எண்ணம் கூடலாம். தேறிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். கூடவே வலி மருந்தான டிராமடால் போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள்; இரண்டும் சேர்வது ஆபத்தாகலாம்.

குறிப்பு எழுதுவது

மருத்துவருக்குப் போகும் குறிப்பு ஐந்து வரியைத் தாண்டக் கூடாது. மாதிரிக்கு ஒன்று:

“38 வயது, எஸ்டேட் தொழிலாளி. ரிஸ்பெரிடோன் 4 மி.கி., மூன்று வாரம் முன் 2-லிருந்து கூட்டியது. ‘காலு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது’ என்கிறார், பத்து நாளாக. உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் நான்கு முறை எழுந்தார். குரல் கேட்பது கூடவில்லை. தூக்கம் 3 மணி நேரம். தற்கொலை எண்ணம் கேட்டேன், இல்லை என்றார். மருந்தை மாற்றச் சொல்லவில்லை. இந்த வாரமே பார்க்க முடியுமா?”

நோயாளியின் சொல் அவர் சொன்னபடியே இருக்கட்டும். படுகர், பணியர், குறும்பர், மலையாளம் பேசுவோர், இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டக் குடும்பங்கள் என்று பல மொழி புழங்கும் இடம் இது. ஊர் செவிலியரையோ பழங்குடிச் சுகாதாரப் பணியாளரையோ கூட வைத்துக்கொண்டு கேளுங்கள்; வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள்.

தேர்வும் அதற்குப் பிறகும்

எழுத்துத் தேர்வு மட்டும் வைக்காதீர்கள். நான்கு மேசை, மேசைக்கு ஏழு நிமிடம்: அட்டை வாசிப்பது, நடித்துக் காட்டும் நோயாளியிடம் தவிப்பைக் கண்டுபிடிப்பது, லித்தியம் சாப்பிடுபவர் வெயில் ஊருக்குக் கிளம்பும்போது சொல்லும் அறிவுரை, ஐந்து வரிக் குறிப்பு. மற்றதெல்லாம் நன்றாகச் செய்தும் ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னவர் மீண்டும் எழுத வேண்டும். உடனே அனுப்ப வேண்டியவை வாய்ப்பாடமாக வர வேண்டும்: காய்ச்சலோடு உடல் விறைப்பும் குழப்பமும், தொண்டை இறுகி மூச்சுத் திணறல், லித்தியம் நச்சு, லாமோட்ரிஜின் அல்லது கார்பமசெபின் தொடங்கியபின் தோலில் தடிப்பு, வலிப்பு.

இதைக் கல்விப் பணியாக வளர்க்க விரும்பினால், முதல் குழுவுக்கு முன்பே நிறுவன நெறிக்குழுவின் அனுமதி வாங்குங்கள். பயிற்சிக்கு முன், முடிந்ததும், மூன்று மாதம் கழித்து என்று மூன்று முறை அதே சோதனை. மதிப்பெண் ஏறியதைவிட முக்கியமான அளவுகோல் குறிப்புகள்தான்: எத்தனை குறிப்பு போனது, அவற்றில் எத்தனைக்கு மருத்துவர் சிகிச்சையை மாற்றினார். அந்தக் கணக்கைப் பதிவேட்டில் வைத்திருப்பவரால் கட்டுரை எழுத முடியும். இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கலாஜிக்கல் மெடிசின் போன்ற இதழ்களுக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

பக்கவிளைவை அரசுக்குத் தெரிவிப்பதையும் பழக்குங்கள். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளரும் படிவம் அனுப்பலாம். 1800-180-3024 கட்டணமில்லா எண். கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தை முழுமையாக நிரப்பட்டும். மருந்தின் பொதுப்பெயர், அளவு, தொடங்கிய தேதி, விளைவு தெரிந்த தேதி ஆகிய நான்கில் ஒன்று விடுபட்டாலும் திருப்பிக் கொடுத்து எழுதவையுங்கள்.